இருபத்திரண்டு கேள்விகள், நாற்பது நிமிடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், மெர்லின். தன்வி தூங்கிய பிறகுதான் இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மேசை கிடைக்கிறது. மேசை என்றால் மேசை இல்லை, அம்மாவின் தையல் மெஷின் பலகை. கால் மிதியில் பட்டால் சக்கரம் சுற்றும். தன்வி எழுந்துவிடுவாள் என்று காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருடம் நாம் இரண்டு பேரும் இணையத்தில் பொதுவாக வைத்திருந்த இந்தக் கோப்பை இன்றைக்கு மறுபடி திறந்தேன். அன்றன்று என்ன படித்தோம், எந்தக் கணக்கில் எங்கே சறுக்கினோம் என்று மாறி மாறி எழுதுவோமே, அதே கோப்பு. உன்னுடைய கடைசி வரி, ‘டீ, கிடைச்சிருச்சு!!!’ அதற்குக் கீழே என்னுடையது, ‘வாழ்த்துகள். எனக்கு ஆங்கிலத்தில் 96, கணக்கில் 54.’ அதற்கப்புறம் யாரும் எழுதவில்லை.

ஐம்பத்து நாலு என்பது மதிப்பெண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. தேர்வெழுதிய நூறு பேரில் ஐம்பத்து நாலு பேரை முந்தினேன், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். உன் கல்லூரி மாதிரி இடங்களில் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது எண்பது வேண்டும். எவ்வளவு நல்ல ஆங்கிலமானாலும் கணக்கில் எண்பது இல்லாதவளை எம்.பி.ஏ. நேர்முகத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

மறுபடி எழுதப்போகிறேன். நவம்பர் முப்பது, ஞாயிறு. பணம் கட்டிவிட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. இன்னும் கோபியில் அம்மா வீட்டில்தான். எங்கள் பக்கத்துப் பழக்கம் உனக்கு மார்த்தாண்டத்தில் தெரிந்திருக்காது. பிரசவத்துக்கு வந்த பெண் தானாகக் கிளம்பிப் புருஷன் வீட்டுக்குப் போகக் கூடாது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அவர்கள் வீட்டிலிருந்து ஒற்றைப்படையில் ஆட்கள் வந்து, நல்ல நேரம் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் கூட்டிப்போக வேண்டும். கௌரிசங்கருக்குப் புனேயில் வேலை அதிகம். எங்கள் கல்யாணத்தில் பார்த்தாயே, அப்போதே போனை விடமாட்டார். அங்கே வீடும் சின்னது. பெரிதாக ஒன்று பார்த்ததும் சொல்லி அனுப்புவார்.

தன்விக்குப் போன மாதம் இரண்டு வயது முடிந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

சதவீதக் கணக்கு பதினைந்து. பதினொன்று சரி. தன்வி மருந்தை என் ரஃப் நோட்டின் மேல் துப்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆடி முடிந்தது. ஆடி மாதத்தில் யாரும் பெண்ணை அழைக்க வரமாட்டார்கள் என்பதால் ஒரு மாதம் நிம்மதியாக இருந்தோம். இன்று காலை ஆறரைக்கெல்லாம் எதிர்வீட்டுப் பாப்பாத்தி அத்தை பால் வாங்கிவிட்டு நேராக எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

“ஏங்கண்ணு இந்து, ஆடி முடிஞ்சுதே. ராசிபுரத்துல இருந்து உன்ற மாமனார் வீட்டுல எப்ப வர்றாங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து, “வருவாங்கக்கா. மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கோணுமல்ல?” என்றாள்.

“போன ஆடிக்கும் அதத்தான சொன்னெ.”

“போன ஆடிக்கும் அவருக்கு வேலைதான இருந்துச்சு!”

அத்தை தன்வியின் கன்னத்தைக் கிள்ளி, “உங்கப்பன் மூஞ்சி உனக்குத் தெரியுமாடி தங்கம்?” என்று கேட்டார். தன்வி உடனே என் போனைக் காட்டினாள். அத்தை சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். கோலம் போட வெளியே வந்த அம்மாதான் ஒரு புள்ளியைத் தப்பாக வைத்து மொத்தமும் அழித்துப் போட்டாள்.

இன்று விகிதம் படித்தேன். நன்றாகவே வந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

முதல் மாதிரித் தேர்வு. கணக்கில் அறுபத்தாறுக்குப் பதினான்கு.

எனக்குக் கணக்கு வராது என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றால் அதுவும் இல்லை, மெர்லின். முடிந்த பிறகு அதே கேள்விகளை உட்கார்ந்து போட்டுப்பார்த்தேன். இருபத்திரண்டில் பதினாறு வந்தது. அப்படியென்றால் அந்த நாற்பது நிமிடத்தில் நான் என்னதான் செய்கிறேன்?

வடிவியல் கேள்வி ஒன்று. வட்டத்துக்குள் முக்கோணம், முக்கோணத்துக்குள் இன்னொரு வட்டம். அதை விடாமல் பிடித்து விடை எடுத்துவிட்டேன். அந்த ஒன்றில் மட்டும் சந்தோஷம். மூன்று மதிப்பெண்.

செப்டம்பர் 3, புதன்

அவர் கூப்பிட்டார். இரண்டு நிமிடம். மீட்டிங் இருந்தது. தன்வி போனை நக்கினாள். படிப்பதைப் பற்றிச் சொன்னேன். “நல்லதுதான், பொழுது போகும்” என்றார்.

கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க இந்த மாதம்தான் கடைசி. ஐந்து கல்லூரிகளைக் குறித்தேன். உன்னுடையதும் உண்டு.

செப்டம்பர் 14, ஞாயிறு

இரண்டாம் மாதிரித் தேர்வு. பதினாறு. தப்பு விடைக்கு ஒவ்வொன்று கழிப்பார்கள், அதில் மட்டும் ஐந்து போயிற்று. கடைசி இரண்டு நிமிடத்தில் மீதிக் கேள்விகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு குறித்தேன். ஒன்றையும் விட மனசு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அப்படித்தானே பழக்கினார்கள்? ‘தெரியலைன்னாலும் எதையாச்சும் எழுதி வை, ஸ்டெப்புக்கு மார்க் உண்டு.’ பேப்பரில் வெள்ளையாக இடம் விட்டால் எங்கள் கணக்கு மிஸ் அதில் பெரிய சிவப்பு வட்டம் போட்டு அப்பாவின் கையெழுத்து வாங்கிவரச் சொல்வார்.

உனக்கு நினைவிருக்கிறதா, நாம் ஒரே ஆபீசில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பைசா இடிக்கிறது என்று இரவு வரை உட்கார்ந்திருந்தேனே? நீ கைப்பையைத் தூக்கிக்கொண்டு, “எடி, ஒரு பைசாவ நான் தாறேன், எழும்பு” என்றாய். நான் எழவில்லை. அதைக் கண்டுபிடித்த பிறகு மேனேஜர் எனக்குத்தான் பாராட்டு சொன்னார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்று நடந்ததை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அம்மாவுக்கு முதுகுவலி, படுத்துவிட்டாள். அப்பா கடையில். தன்வியை வைத்துக்கொண்டே மூன்றாம் மாதிரித் தேர்வு எழுதினேன். ஆங்கிலம் தப்பித்தது, தூங்கிக்கொண்டிருந்தாள். கணக்குப் பகுதி திறந்ததும் எழுந்துவிட்டாள். “அம்மா, ஆய்.” எழுந்து போனேன். கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் எந்தக் கேள்வியில் இருந்தேன் என்பதே தெரியவில்லை, திரையில் கண்ணில் பட்டதைப் போட்டேன். பாதியில், “அம்மா, பூச்சி.” பூச்சி இல்லை, உலர்ந்த திராட்சை. திரும்பி வந்து வேறொரு கேள்வி. அப்புறம் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சுட்டியைப் பிடித்து இழுத்தாள். அவளே இரண்டு கேள்விகளைத் தாண்டிப் போய்விட்டாள். கத்திவிட்டேன். அழுதாள். அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நின்றபடி கடைசிப் பத்து நிமிடம் எழுதினேன். ரஃப் போடக் கையே இல்லை, சின்னக் கணக்காகப் பார்த்து மனசுக்குள்ளேயே போட்டேன்.

முப்பத்தொன்று. இதற்கு முன்னால் வாங்கியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கேள்வித்தாள் சுலபமாக இருந்திருக்கும். வேறென்ன.

செப்டம்பர் 22, திங்கள்

அந்தத் தேர்வை எழுதின மற்றவர்களின் சராசரியைப் பார்த்தேன். சுலபமான தாள் இல்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

புரட்டாசி என்பதால் ராசிபுரம் பேச்சு யாரும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு முதுகு தேவலை. நான் தேர்வெழுத அமைதி வேண்டுமென்று தன்வியைப் பெருமாள் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். கதவைச் சாத்தி, நிதானமாக, முதல் கேள்வியிலிருந்து வரிசையாக எழுதினேன்.

பதினைந்து.

அப்போதுதான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் செலவழித்தோம் என்று தேர்வு முடிந்ததும் ஒரு பட்டியல் காட்டுமே, நீ எப்போதும் பார்க்கச் சொல்வாயே, அது. நான்காம் கேள்வியில் ஒன்பது நிமிடம். ஏழாம் கேள்வியில் ஆறு. பதினாறிலிருந்து இருபத்திரண்டு வரை நான் கண்ணாலேயே பார்க்கவில்லை. அதில் ஐந்து கேள்விகள் தன்விக்கே வந்துவிடும் போலிருந்தன. போன வாரத்துப் பட்டியலையும் எடுத்தேன். ஒரு கேள்வியிலும் மூன்று நிமிடத்துக்கு மேல் நான் இருக்கவில்லை. அவள் இருக்கவிடவில்லை.

எனக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, மெர்லின். எடுத்ததைக் கீழே வைக்கத்தான் தெரியவில்லை. நான்காம் கேள்வி வராது என்று இரண்டாம் நிமிடத்திலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும், இவ்வளவு நேரம் போட்டாயிற்றே, இப்போது எழுந்தால் போட்டதெல்லாம் வீண்தானே என்று அதிலேயே உட்கார்ந்திருக்கிறேன். வீணானது அதற்குப் பிறகு போட்ட ஏழு நிமிடமும்தான்.

அம்மா துளசி தீர்த்தத்தோடு வந்து, “என்ன அம்மிணி, இன்னிக்கு நல்லா எழுதுனியா? ஒருத்தரும் தொந்தரவு பண்ணலியே?” என்றாள். தீர்த்தத்தைக் கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

விடப் பழகுகிறேன். சமையலறை டைமரை இரண்டரை நிமிடத்துக்கு வைக்கிறேன். மணி அடித்ததும் பென்சிலை வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போக வேண்டும். முதல் நாள் நான்கு தடவை மணியை அமுக்கிவிட்டு அதே கணக்கையே போட்டேன்.

இன்று அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன் பாதியில பாதியில விட்டுட்டுத் தாவறே? இதென்ன பழக்கம்?”

“அப்படித்தாம்மா பண்ணோணும்.”

“எடுத்த காரியத்த முடிக்காம எந்திரிக்கறதுக்கு ஒரு பரீட்சையா? யாரு வெச்சாங்க இத?”

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “உனக்கு மட்டும் வெச்சிருந்தா நீ எங்கம்மாகூடச் சண்டையெல்லாம் பாதியில விட்டிருப்பே” என்றார். அம்மா அவருக்கு மட்டும் காபி தரவில்லை.

விட்ட கணக்குகள் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கின்றன. துணி அலசும்போது விடை தோன்றுகிறது. பெரும்பாலும் தப்பு விடை.

அக்டோபர் 12, ஞாயிறு

இருபத்தாறு.

கோப்பில் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி ஒரு நிமிடம் எரிந்தது. நான் ‘மெர்லின்?’ என்று அடித்து முடிப்பதற்குள் அணைந்துவிட்டது. வகுப்பு இருந்திருக்கும்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

தன்விக்கு அவர் பட்டுப்பாவாடை அனுப்பியிருந்தார். ஆன்லைனில் வாங்கியது. ஒரு வயதுக் குழந்தைக்கான அளவு. அம்மா பிரித்துப் பார்த்துவிட்டுத் தையல் பிரித்து, பழைய புடவைத் துணியில் கீழே ஒரு பட்டை சேர்த்துத் தைத்தாள். நன்றாகவே இருந்தது. படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது.

அக்டோபர் 23, வியாழன்

நீ எழுதியிருக்கிறாய்! ‘அய்யோ இந்து, உயிரோட தான் இருக்கேன். மூணு மணிக்கு முன்ன படுக்க விடமாட்டாங்க. எல்லாம் வாசிச்சேன். விட்டுட்டுப் போ, திரும்பிப் பாக்காத.’

நாலு வரி. எட்டு தடவை படித்தேன். நாளைக்கும் எழுது.

நவம்பர் 2, ஞாயிறு

முப்பத்து மூன்று. இந்தத் தடவை தன்வி வீட்டில் இல்லை. நானே விட்டேன்.

இதே அளவு அன்றைக்கும் எடுத்தால் எண்பதைத் தாண்டும் என்று போன வருடக் கணக்கு சொல்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

நாளை கார்த்திகை பிறக்கிறது. மதியம் ராசிபுரத்திலிருந்து மாமனார் கூப்பிட்டார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். கார்த்திகை பதினாலாம் தேதி நல்ல நாள், வளர்பிறை, ஞாயிறு, எல்லாருக்கும் லீவு, ஏழு பேர் வருகிறோம், தாயும் பிள்ளையும் தயாராக இருக்கட்டும் என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்.

நான் காலண்டரைப் பார்த்தேன். கார்த்திகை பதினாலு என்றால் நவம்பர் முப்பது.

“மாமா, அன்னிக்கு எனக்குப் பரீட்சைங்க. கோயமுத்தூர்ல. மத்தியானம்.”

“பரீட்சையா?” அந்தப் பக்கம் யாரிடமோ திரும்பி, “பரீட்சையாமா” என்று சிரிப்பது கேட்டது. “புள்ள பெத்தாச்சு, இன்னும் என்ன பரீட்சை சாமி? உங்கத்தை மாமன் வெக்கற பரீட்சை பத்தாதா?”

“வேற நாளு வெச்சுக்கலாமுங்களா?”

“அடுத்த ஞாயிறு தேய்பிறை. அப்பறம் மார்கழி. ஒரேயடியாத் தையிலதான். உன்ற அப்பா வந்து கேட்டதுக்காக நாங்களும் அலையறோமல்ல?”

அப்பா வந்து கேட்டாரா? நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தன்வியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் கரூரில் ஒரு வேலை என்று கிளம்பிப் போனாரே, அது கரூர் இல்லை.

“அவரு வர்றாருங்களா, மாமா?”

“அவனுக்கெங்க லீவு? பெரியவங்க நாங்க வர்றோமல்ல. நீ இங்க வந்து எங்ககூட இரு. அவன் வர்றப்ப வருவான்.”

ஆக, புனே இல்லை. ராசிபுரம். அதுவும் நல்ல ஊர்தான். பெரிய வீடு.

நவம்பர் 17, திங்கள்

அவரிடம் பேசினேன். “ரெண்டும் ஒரே நாள்ல வருது, என்ன பண்ணட்டும்?” என்றேன்.

“உன் இஷ்டம். நீயே முடிவு பண்ணிக்கோ” என்றார்.

எதிலும் கட்டாயப்படுத்தாத மனிதர். அதை நான் எப்போதும் சொல்வேன். நான்காவது தடவையாகவோ என்னவோ, பெரிய வீட்டைப் பற்றிக் கேட்டேன். “அதான் ஃப்ரெண்ட்ஸோட ஷேரிங்ல நல்லாத்தான இருக்கு” என்றார். வேறு அழைப்பு வந்துவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

அம்மா பலகாரத்துக்கு அரிசி ஊறவைக்கலாமா என்று கேட்டாள். நான் டைமரை இரண்டரைக்கு வைத்தேன். பித்தளைச் சாமான்களையெல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள்.

“இங்க பாரு இந்து. பரீட்சை அடுத்த வருசமும் வரும். அவங்க வருவாங்களா?”

அவள் சொல்வது சரிதான். ஒரு செம்பை எடுத்து நானும் தேய்த்தேன். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “நான் போறேம்மா” என்றேன்.

“எங்கே?”

“கோயமுத்தூருக்கு.”

அம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

நவம்பர் 29, சனி

ஹால் டிக்கெட், அடையாள அட்டை, தண்ணீர். தன்விக்குச் சளி.

நவம்பர் 30, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு அப்பா வண்டியில் பஸ் ஸ்டாண்டில் விட்டார். பஸ் நகரும்போது ஜன்னலருகே வந்து, “எத்தன மணிக்குத் திரும்புவே?” என்றார். ஆறு ஆகிவிடும் என்றேன். நாலரைக்கு ராகுகாலம். இருட்டிய பிறகு கைக்குழந்தையோடு கிளம்பமாட்டார்கள். இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆங்கிலம் போன தடவை மாதிரியே. அடுத்த பகுதி சுமார். கணக்கு திறந்தது.

முதல் நான்கு நிமிடம் ஒன்றையும் போடவில்லை. இருபத்திரண்டையும் படித்தேன். பக்கத்திலிருந்த பையன் அதற்குள் பேனாவால் கிழித்துத் தள்ளிக்கொண்டிருந்தான். ஒன்பது கேள்விகள் எனக்குத் தெரிந்தவை. அவற்றை மட்டும் முதலில் போட்டேன். பிறகு இன்னும் நான்கு. தொட்டியில் இரண்டு குழாய், அடியில் ஒரு ஓட்டை, அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டேன். இன்னும் ஒரே வரிதான் என்று தோன்றியது. எப்போதும் ஒரே வரி என்றுதான் தோன்றும். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஆகியிருந்தது. விட்டேன். திரை மாறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் இரண்டைப் போட்டேன். ஒரு கணக்குக்காக யாராவது அழுவார்களா, மெர்லின்?

ஏழு கேள்விகளை வெள்ளையாகவே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும்போது ஆறே கால். கொல்லையில் எச்சில் இலைகள் கிடந்தன. தன்வி பித்தளைச் சொம்புக்குள் கையை விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாதான் சொன்னார். ஏழு பேர் வந்தார்கள், தட்டு மாற்ற உட்கார்ந்தார்கள், மருமகள் எங்கே என்று கேட்டார்கள். மாமனார் பேசவில்லை. மாமியார்தான் பேசினாராம்.

“‘புள்ளய மட்டும் குடுங்க, நாங்க கூட்டீட்டுப் போறோம். அவ பரீட்சையெல்லாம் முடிச்சுட்டு மெதுவா வரட்டும்’னாங்க.”

என் கை தன்வியின் தலைமேல் இருந்தது. “அம்மா என்ன சொன்னாங்க?”

அப்பா சமையலறையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பாயசம் இருக்குது, சாப்புட்டுட்டுக் கெளம்புங்கன்னுட்டா.”

நான் உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் நின்று பாத்திரங்களைத் துடைத்தேன். அம்மா ஒரு தட்டை என்னிடம் நீட்டி, “கணக்கெல்லாம் போட்டியா?” என்றாள்.

“ஏழு விட்டுட்டேம்மா.”

“ஏழா!” என்று கரண்டியைத் தொட்டியில் போட்டாள். “அத்தன பேர வெறுங்கையோட அனுப்பிட்டு உக்காந்திருக்கறேன், ஏழு விட்டுட்டு வந்திருக்கறா!”

டிசம்பர் 5, வெள்ளி

அவரிடமிருந்து செய்தி. ‘அப்பா ரொம்ப வருத்தப்படறார்.’ மன்னிப்புக் கேட்டு எழுதினேன். தனக்கு வருத்தமா என்று அவர் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி. பாப்பாத்தி அத்தை இப்போதெல்லாம் எங்கள் வாசலில் நிற்பதில்லை. அங்கிருந்தே சிரிக்கிறார். ‘எப்ப வர்றாங்க?’ என்று கேட்டபோது எரிச்சலாக இருந்தது. கேட்காதபோது வேறு மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 24, புதன்

கணக்கில் எண்பத்து நாலு. மொத்தம் தொண்ணூற்று மூன்று.

காலையிலிருந்து கோப்பைத் திறந்து திறந்து மூடுகிறேன், உன் புள்ளி எரிகிறதா என்று. அப்பா டீக்கடையில் என் மகள் கணக்கில் நூற்றுக்கு எண்பத்து நாலு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அது மதிப்பெண் இல்லை என்று விளக்கினேன். “நூறு பேர்ல எம்பத்து நாலு பேர முந்திட்டியா?” என்று யோசித்தார். “அது இன்னும் நல்லால்ல இருக்குது?” என்று மறுபடி டீக்கடைக்குக் கிளம்பினார். அம்மா தன்விக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, “அந்த ஏழையும் போட்டிருந்தா?” என்றாள்.

அவருக்கும் அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

ஜனவரி 10, சனி

உன் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது. பிப்ரவரி எட்டு. மற்ற நான்கில் இரண்டு கூப்பிட்டிருக்கின்றன.

செப்டம்பரில் நான் விண்ணப்பித்த ஐந்து கல்லூரிகளை இன்று மறுபடி பார்த்தேன். புனேயில் எத்தனையோ நல்ல கல்லூரிகள் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் குறிக்கவில்லை. அப்போது அதைப் பற்றி யோசித்ததாகவே ஞாபகம் இல்லை.

தை பிறந்ததும் அழைக்க வரச்சொல்லி ராசிபுரம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரட்டுமா என்று நேற்று அப்பா கேட்டார். சட்டைகூடப் போட்டுவிட்டார். வேண்டாம் என்றேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுத் தன்வியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

மெர்லின், உன்னிடம் ஒரு காரியம். உங்கள் வளாகத்தில் குடும்பத்தோடு படிக்க வருகிறவர்களுக்குத் தனி வீடு கொடுக்கிறார்கள் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. கணவன் மனைவியாக வந்தால்தான் தருவார்களா? நானும் தன்வியும் மட்டும் வந்தால் தருவார்களா? அவர் வரமாட்டார். இப்போதும் வரமாட்டார், அப்புறமும் வரமாட்டார். கேட்கிறவர்களிடம் அப்படியே சொல்லிவிடு. எனக்காக எதையும் மறைக்க வேண்டாம். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கே ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா என்றும் கேள். நேர்முகத்துக்கு வருகிறேனா இல்லையா என்று இருபதாம் தேதிக்குள் நான் சொல்ல வேண்டும். தர மாட்டார்கள் என்றால் அதையும் எழுது. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடு.